காக்கையைத் தடுக்கக் கடையில் கிடைப்பவை: வலை, ரிப்பன், ஆந்தை பொம்மை, பஞ்சாரம்

காங்கயத்திலிருந்து தாராபுரம் செல்லும் வழியில், கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகள் சூழ்ந்த மேட்டு நிலத்தில் எங்கள் பண்ணை இருக்கிறது. மாட்டுக் கட்டுத்தறி, மேச்சேரிச் செம்மறிப் பட்டி, வாசலில் திரியும் நாட்டுக்கோழிகள், கிணற்றடியில் சிறியதொரு காய்கறித் தோட்டம் ஆகிய நான்கிலும் காக்கை தனக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறது. குஞ்சைத் தூக்குவது, முட்டையை உடைப்பது, விதைத்த நிலக்கடலையைத் தோண்டுவது, மாட்டின் புண்ணைக் கொத்துவது, தண்ணீர்த் தொட்டியை நாறடிப்பது என்று அதன் வேலைகளுக்குக் குறைவில்லை. இவற்றைத் தடுப்பதாகச் சொல்லி விற்கப்படும் பொருள்களில் பலவற்றைச் சில ஆண்டுகளாக வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். அவற்றைப் பற்றிய மதிப்பீடு இது. கடைகளின் பெயரையும் நிறுவனங்களின் பெயரையும் இதில் சொல்லவில்லை. பெரும்பாலான சரக்கு பெயரே இல்லாமல் சுருளாகவும் சாக்கு மூட்டையாகவும்தான் வருகிறது.

எந்த அளவுகோலைக் கொண்டு மதிப்பிடுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். காக்கை பண்ணையை விட்டே ஓடிவிட வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு அன்று. உழவு ஓட்டும்போது புரளும் மண்ணிலிருந்து வேர்ப்புழுவைப் பொறுக்குவதும், படுத்து அசைபோடும் மாட்டின் காதோரத்திலும் வாலடியிலும் உண்ணி எடுப்பதும், செத்த எலியை நாற்றம் கிளம்புமுன் அப்புறப்படுத்துவதும் அதே காக்கைதான். வேப்பம்பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை வேலியோரம் போட்டு மரம் வளர்த்துத் தருவதும் அதுவே. ஆகவே ஒரு பொருள் எனக்குச் செய்து தர வேண்டியது, கேடு வரக்கூடிய சில வாரங்களுக்கு மட்டும், கேடு வரக்கூடிய இடத்தை மட்டும் காக்கைக்கு எட்டாமல் வைப்பது. அதைச் செய்தால் நல்ல பொருள். மற்றபடி எத்தனை ஒளி, ஒலி, அசைவு இருந்தாலும் அது விளையாட்டுச் சாமான்தான்.

சட்டமும் இப்போது இதற்கு மேல் எதிர்பார்க்க விடுவதில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சாதாரணக் காகம் எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு தீங்குயிர்களின் அட்டவணையில் வைக்கப்பட்டிருந்தது. 2022இல் நிறைவேறி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. சோற்றுருண்டையில் நஞ்சு வைக்கும் யோசனையை இன்னும் சில உரக்கடைகளில் மெதுவான குரலில் சொல்லத்தான் செய்கிறார்கள். சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், அந்த உருண்டையைக் காக்கை எங்கே கொண்டுபோய்ப் போடும், அதை எந்த நாய் தின்னும், எந்தக் கோழி கொத்தும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்க முடியாது.

எந்தக் காக்கை என்பதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. கழுத்து சாம்பல் நிறமாக இருக்கும் வீட்டுக் காகம் கூட்டமாக வரும், கூச்சல் போடும், தீவனத்தையும் தண்ணீரையும் வீணடிக்கும். உடல் முழுதும் கறுத்து அலகு தடித்த அண்டங்காக்கை பெரும்பாலும் இணையாக வரும். சத்தமில்லாமல் முருங்கைக் கிளையில் உட்கார்ந்து தாய்க்கோழியின் போக்கைக் கவனிக்கும். ஒன்று முன்னால் இறங்கிக் கோழியைச் சண்டைக்கு இழுக்க, மற்றொன்று பின்னாலிருந்து குஞ்சோடு எழும்பிவிடும். எங்கள் வாசலில் குஞ்சு காணாமல் போவது சித்திரை, வைகாசி மாதங்களில்தான் அதிகம். அப்போது காக்கையின் கூட்டிலும் வாய் பிளந்த குஞ்சுகள் இருக்கின்றன. அந்தக் குஞ்சுகளில் ஒன்றிரண்டு குயிலுடையதாகவும் இருக்கலாம். அதற்கும் சேர்த்து நம் கோழிக்குஞ்சுதான் தீனி.

விரட்டும் பொருள்களை விரைவாகவே முடித்துவிடலாம். மீயொலிக் கருவி என்று சூரிய மின்தகட்டோடு விற்கப்படும் பெட்டி இணையக் கடைகளில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலைபோகிறது. மனிதக் காதுக்குக் கேளாத, 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை எழுப்பிப் பறவைகளை விரட்டும் என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த ஒலி நமக்குக் கேளாதது போலவே பறவைகளுக்கும் கேட்பதில்லை. பெரும்பாலான பறவைகளின் செவித்திறன் உயர்ந்த சுருதிகளில் நம்முடையதை விடவும் குறைவு. பெட்டியில் உள்ள சிவப்பு விளக்கு இரவில் கண் சிமிட்டும் என்பதைத் தவிர அதனால் வேறு பயனைக் காண முடியவில்லை. வாங்க வேண்டாம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறேன்.

ஆந்தை பொம்மைக்கு அந்த அளவுக்குக் கடுமையாகச் சொல்ல மாட்டேன். முதல் சில நாள்கள் காக்கைகள் அதைச் சுற்றிக் கரைந்து ஊரைக் கூட்டின. அது ஓர் இடத்திலேயே இருக்கிறது, யாரையும் பிடிப்பதில்லை என்பது தெரிந்ததும் கூச்சல் நின்றது. பிறகு பொம்மையின் தலையே கொட்டகைக் கூரைக்கும் பூவரச மரத்துக்கும் இடையில் வசதியான இருக்கையாகிவிட்டது. காற்றில் தலை திரும்பும் வகைக்கும் இதே கதி. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் 2006இல் தொடங்கிய ஆய்வில், குறிப்பிட்டதொரு முகமூடி அணிந்தவர்கள் காக்கைகளைப் பிடித்து வளையமிட்டு விட்டார்கள். அதே முகமூடியோடு யார் நடந்தாலும் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் காக்கைகள் சூழ்ந்துகொண்டு ஏசின. அவை அங்குள்ள வேறு இனக் காக்கைகள் என்றாலும், எது தீங்கு செய்யும் என்பதை அப்படி நினைவில் வைக்கிற குலத்துக்கு எது தீங்கு செய்யாது என்பதும் விரைவில் விளங்கிவிடும் என்று எதிர்பார்ப்பதில் பிழையில்லை.

பழைய உபாயமான கறுப்புத் துணிக்கு இதைவிட மதிப்பு அதிகம். மொட்டை மாடியில் வடகம் காயப்போடும் வீடுகளில் கறுப்புக் குடையை விரித்து வைப்பதும், கறுப்புத் துணியைச் செத்த காக்கைபோல் கம்பில் கட்டித் தொங்கவிடுவதும் நெடுநாள் வழக்கம். அதுவும் சில நாள்களில் பலனிழந்துவிடும்; ஆனால் வடகத்துக்கு வேண்டியது இரண்டு வெயில்தான். தேவையின் கால அளவும் பொருளின் கால அளவும் ஒத்துப்போவதால் அது வெற்றி பெறுகிறது.

ஜிகினா ரிப்பன் என்று உரக்கடைகளில் கிடைக்கும் பளபளப்பு நாடாவுக்கும் இதே விதி பொருந்தும். ஒரு பக்கம் வெள்ளியும் மறுபக்கம் சிவப்புமாக இருக்கும் இந்தச் சுருள் மலிவானது. நிலக்கடலையோ மக்காச்சோளமோ விதைத்த நாளிலிருந்து முளை வெளிவந்து வேர் பிடிக்கும் வரை காட்டைக் காப்பாற்றினால் போதும் என்ற நிலையில், ஏறக்குறைய பத்து நாள்களுக்கு இது உண்மையிலேயே உதவுகிறது. விறைப்பாக இழுத்துக் கட்டாமல், நாலைந்து முறுக்குப் போட்டுச் சற்றுத் தளர்வாகக் கட்ட வேண்டும். அப்போதுதான் வெயிலில் மின்னுவதோடு காற்றில் விர்ரென்று அதிரவும் செய்யும். காற்றில்லாத காலை நேரத்தில் இது வெறும் நாடாதான், காக்கைக்கும் அது தெரியும். எனக்கு இதில் உள்ள குறை வேறு. முளை வந்த பிறகு யாரும் இதை அவிழ்ப்பதில்லை. வெயிலில் நைந்து துண்டு துண்டாக விழுந்த ரிப்பன் கடலைக்கொடியோடு கலந்து கட்டுத்தறிக்கு வருகிறது. கொடியோடு சேர்த்து மாடு அதையும் மென்றுவிடுகிறது. கால்நடை வைத்திருப்பவர்கள் இந்த ரிப்பனை வாங்கினால், கட்டிய நாளிலேயே அவிழ்க்கும் நாளையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி வலை. பணம் செலவழித்ததற்கு நிலையான பலன் கண்டது இதில்தான். கடைக்காரரோடு வாக்குவாதம் செய்ததும் இதில்தான். சந்தையில் மூன்று வகை வலை கிடைக்கிறது. ஒன்று, கண்ணுக்கே எளிதில் தெரியாத தங்கூஸ் நரம்பு வலை. மலிவு, எடை குறைவு, தோட்டத்தின் அழகைக் கெடுக்காது என்று சொல்லி இதைத்தான் முதலில் காட்டுவார்கள். இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணுக்குத் தெரியாத வலை காக்கையைத் தடுப்பதில்லை, சிக்க வைக்கிறது. ஒரு கரிச்சானும் (இரட்டைவால் குருவி) ஒரு சாரைப்பாம்பும் இதில் மாட்டிக்கொண்டு, நரம்பு சதைக்குள் இறங்கிய நிலையில், கத்தரிக்கோலால் கண்ணி கண்ணியாக வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. எலியை ஒழிக்கும் சாரையையும் காக்கையை விரட்டும் கரிச்சானையும் கொல்லும் வலை எந்தப் பண்ணைக்கும் ஆதாயம் ஆகாது.

இரண்டாவது, நாற்றங்காலுக்குப் போடும் பச்சை நிழல்வலை. ஐம்பது விழுக்காடு நிழல் தருவது, எழுபத்தைந்து விழுக்காடு நிழல் தருவது என்று வகை சொல்லி விற்பார்கள். கத்தரி, மிளகாய் நாற்றுகளுக்கும் கீரைப் பாத்திக்கும் இது போதும். காக்கையும் கொத்தாது, வெயிலும் தணியும். ஆனால் பூசணி, பீர்க்கு போன்ற கொடிகளுக்கு மேலே போட்டுப் பக்கங்களையும் மூடிவிட்டால் தேனீ உள்ளே வர வழியில்லாமல் பிஞ்சு வெம்பி விழும். காற்று அதிகமுள்ள எங்கள் பகுதியில் இது பாய்மரம்போல் உப்பிக் கம்பத்தையே பெயர்க்கும் என்பதையும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்று எப்படிப்பட்டது என்பது இந்தப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதிலிருந்தே தெரியும்.

மூன்றாவது, அடர்த்தி மிகுந்த பாலித்தீன் நூலில் முடிச்சுப் போட்டுப் பின்னிய வலை. கறுப்பிலும் பச்சையிலும் கிடைக்கிறது. கோழி முற்றத்துக்கும் ஆட்டுப் பட்டிக்கும் மேற்கூரையாக நான் போட்டிருப்பது கறுப்பு நிறத்தில் இந்த வகைதான். காக்கையைத் தடுப்பதற்கு மிகச் சிறிய கண்ணி தேவையில்லை. இரண்டு அங்குலக் கண்ணியில் புறாவே நுழைய முடியாது, காக்கை எங்கே நுழைவது. கண்ணி பெரிதாக இருந்தால் காற்று தாராளமாகப் புகும், சருகு தங்காது, விலையும் குறையும். முக்கால் அங்குலம் வேண்டும், சிட்டுக்குருவிகூட நுழையக் கூடாது என்று வற்புறுத்துபவர்கள் தீவனச் செலவை மட்டும் பார்க்கிறார்கள். வலையின் மேல் வேப்பஞ்சருகு குவியும் மாசி, பங்குனியை நினைத்துப் பார்த்தால் அந்த வற்புறுத்தல் நின்றுவிடும். எங்கள் பட்டியின் ஒரு மூலையில் சிறு கண்ணி வலைதான் இருந்தது. இலையுதிர் காலத்தில் சருகு மெத்தையாகப் படிந்து, ஒரு கோடை மழை பெய்ததும் ஈரச் சுமையில் அந்த மூலை மட்டும் தொட்டில்போல் தொங்கிவிட்டது.

வாக்குவாதம் அளவைப் பற்றியது. இத்தகைய வலை பெரும்பாலும் கிலோ கணக்கிலோ, நீட்டிப் பிடித்த அளவிலோ விற்கப்படுகிறது. கண்ணியை முழுதாக இழுத்துச் சாத்திய நிலையில் 10 அடி என்று அளந்து கொடுப்பார்கள். அதே வலையைக் கண்ணி சதுரமாக விரியும்படி கட்டினால் அகலமும் நீளமும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 அடியாகச் சுருங்கிவிடும். அதாவது வாங்கிய பரப்பில் பாதிதான் மூடும். 20 அடி அகலமும் 30 அடி நீளமும் கொண்ட முற்றத்தை மூட, இழுத்த அளவில் 29 அடிக்கு 43 அடி வலை வேண்டும். மீன்வலை கட்டுபவர்களுக்கு இது பால பாடம்; பறவை வலை விற்கும் நகரத்துக் கடை ஒன்றில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கட்டும்போது வலை பற்றாமல் போனதும், "இன்னும் இழுத்துக் கட்டுங்க" என்ற பதில்தான் கிடைத்தது. இழுத்துக் கட்டினால் கண்ணி நீண்டு ஒடுங்கும், நூலுக்கு இழுவிசை கூடும், முதல் காற்றிலேயே ஓரம் கிழியும். பாக்கிப் பகுதிக்குத் தனியாக வாங்கி ஒட்டுப்போட வேண்டியதாயிற்று. வாங்குபவர்கள் இழுத்த அளவா விரித்த அளவா என்று கேட்டுவிட்டே விலை பேச வேண்டும்.

கட்டும் முறையில்தான் இந்தப் பொருளின் ஆயுள் இருக்கிறது. நான்கு ஓரத்திலும் தடித்த கயிறு கோத்து, அந்தக் கயிற்றைக் கம்பத்தில் கட்ட வேண்டும். வலை நூலை நேரடியாகக் கம்பியில் கட்டினால் அறுந்துவிடும். நடுவில் துருப்பிடிக்காத ஜி.ஐ. கம்பியை இரண்டு மூன்று இடங்களில் குறுக்கே ஓட்டி வலையைத் தாங்க வேண்டும். கம்பத்தின் தலையில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றிவிட்டால் உரசல் இருக்காது. வலையைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகளில் வெள்ளை நிறத்தவை ஒரு கோடையிலேயே பொரிந்து ஒடிந்தன. கறுப்பு நிறத்தவை தாங்குகின்றன. வலை தொய்ந்திருந்தால் காக்கை அதன் மேல் வந்து உட்கார்ந்து தன் எடையாலேயே கீழே அழுத்தி, கண்ணி வழியாக அலகை நீட்டிக் கொத்துகிறது. ஒருமுறை அடைக்கூடையில் இருந்த முட்டையை இப்படித்தான் குடித்தது. முட்டை கூடையை விட்டு நகரவே இல்லை, மேலே சீரான துளை மட்டும் இருந்தது. அதனால் வலைக்கும் கீழே உள்ள பொருளுக்கும் இடையில் ஓர் ஆள் உயரமாவது இருப்பது நல்லது. நாம் குனியாமல் நடக்கவும் அது உதவும்.

பக்கச் சுவருக்கு இந்த வலை பொருந்தாது. செம்மறிக் கிடாய் தலையை மாட்டிக்கொள்ளும், குட்டி கடித்து மெல்லும், கீரி அடியில் புகுந்துவிடும். பக்கங்களுக்குச் செயின் லிங்க் வேலியும், குஞ்சுகள் இருக்கும் இடத்தில் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குச் சிறு கண்ணிக் கம்பி வலையும் போட வேண்டும். வலையின் நுனி தரையில் புரளவிடக் கூடாது. பாம்பு சிக்குவது பெரும்பாலும் தரையில் கிடக்கும் மடிப்புகளில்தான். நகரத்தில் அடுக்குமாடிப் பால்கனிகளுக்குப் புறா வலை கட்டித் தருபவர்கள் பண்ணைகளுக்கும் வருகிறார்கள். வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் சுவரில் ஆணி அடித்துப் பழகியவர்கள் என்பதால், திறந்த வெளியில் காற்றுக்குத் தக்க கம்பம் நடுவதை நாமே முடித்து வைத்துவிட்டு அவர்களை அழைப்பது நல்லது.

குட்டி போடும் பருவத்தில் இந்தக் கூரையின் மதிப்பு தெரியும். ஈன்ற ஆடு நஞ்சுக்கொடி போடக் காத்து நிற்கும் நேரத்தில்தான் காக்கைகள் பட்டிக் கம்பத்தில் வரிசை கட்டுகின்றன. எழுந்து நிற்கத் தெம்பில்லாத குட்டியின் தொப்புளையும் கண்ணையும் கொத்துவதற்கு அவற்றுக்கு ஒரு கணம் போதும். வலைக்குக் கீழே ஈன்றால் தாய் நிதானமாக நக்கிக் குட்டியை எழுப்ப முடிகிறது. நஞ்சுக்கொடி விழுந்தவுடன் எடுத்து ஆழக் குழியில் புதைத்துவிட வேண்டும். அது வெளியே கிடக்கும் வரை எந்த வலையும் காக்கைகளைப் பட்டியைச் சுற்றாமல் இருக்கச் செய்யாது. செத்த கோழியைக் குப்பைமேட்டில் வீசுவதும் இதே வகையான அழைப்புதான். 2021 ஜனவரியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் காக்கைகள் கொத்துக் கொத்தாக இறந்து விழுந்தபோது, அது பறவைக் காய்ச்சலின் எச்5என்8 வகை என்று உறுதியானது; அதே மாதம் கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளின் வாத்துப் பண்ணைகளிலும் அந்த நோய் காணப்பட்டது. காரணம் தெரியாமல் காக்கைகள் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்வதே முறை.

கோழியையும் குஞ்சுகளையும் கவிழ்த்து மூடும் கூடையான பஞ்சாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏனென்றால் அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. குஞ்சுகளுக்கு முதல் ஐந்தாறு வாரம்தான் காக்கையால் ஆபத்து மிகுதி. அதுவரை, தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் காலையில் கொஞ்ச நேரம் நம் கண் பார்வையில் மேயவிட்டு, மற்ற நேரம் மூங்கில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால் முற்றம் முழுதும் வலை போடத் தேவையே இல்லை. நாலைந்து அடைக்கோழி மட்டும் வைத்திருக்கும் வீட்டுக்கு வலை வீண் செலவு என்பதே என் கருத்து. வாரச் சந்தையில் வாங்கும்போது அடிப்பகுதியில் பிளாச்சு (மூங்கில் பட்டை) நெருக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடைவெளி அகன்றிருந்தால் குஞ்சு வெளியே வந்துவிடும், தாய் உள்ளே நின்று கத்தும், காக்கைக்குக் கொண்டாட்டம். இப்போது இரும்புக் கம்பியில் பற்றவைத்த பஞ்சாரங்களும் வருகின்றன. உழைப்பது உண்மை; வெயிலில் கொதிக்கும் என்பதும், வயதானவர்கள் தூக்கி வைக்க முடியாத பாரம் என்பதும் உண்மை. எங்கள் வீட்டில் அம்மா மூங்கிலைத்தான் எடுக்கிறார்.

அம்மாவைச் சொன்னதும் மற்றொன்றைச் சொல்ல வேண்டும். தினமும் சமைத்த சோற்றில் முதல் பிடியைக் காக்கைக்கு வைக்காமல் அவர் சாப்பிட மாட்டார். கோழிக் கொட்டகைக்கு நேர் எதிரே இருந்த மதில்மேல் அதை வைத்து வந்தார். காக்கைகள் நேரம் தவறாமல் வந்து, சோறு வரும் வரை குஞ்சுகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. "வைக்கறத நிறுத்தச் சொன்னா நடக்காது, எடத்த வேணா மாத்தறேன்" என்றார். தோட்டத்துக் கோடியில் கிணற்றுத் திண்டுக்கு இடம் மாறியதும், பகல் நேரக் கூட்டமும் பெருமளவு அங்கேயே மாறிப்போனது. செலவில்லாத இந்த ஏற்பாட்டின் பலன் ஆந்தை பொம்மையின் பலனை விடப் பல மடங்கு. அந்தத் திண்டில் ஒரு மண்சட்டித் தண்ணீரையும் வைத்தோம். காய்ந்த ரொட்டி, எலும்பு, கோழிக்கடைக் கழிவு என்று எதைக் கொண்டுவந்தாலும் தண்ணீரில் நனைத்து மெதுவாக்கித் தின்பது காக்கையின் வழக்கம். நமது மாட்டுத் தொட்டியின் அடியில் தேங்கிக் கிடக்கும் எலும்புத் துண்டுகளுக்கு அதுதான் காரணம். சட்டி வைத்த பின் தொட்டிக்கு வருவது குறைந்தது, நிற்கவில்லை. தொட்டியின் பாதியைத் தகரத்தால் மூடி, மறுபாதியை மாடு வாய் வைக்கும் அளவுக்கு மட்டும் விட்டதும் அதுவும் ஏறக்குறைய தீர்ந்தது.

மாட்டின் புண்ணுக்கென்று மருந்துக் கடைகளில் விற்கும் தெளிப்பான்கள் ஈயைத் தடுக்கின்றன, புழு வைக்காமல் காக்கின்றன. அந்த வேலைக்கு அவற்றை வாங்கலாம். காக்கை அந்த வாடையைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. உண்ணி எடுக்க வந்து உட்காரும் அதே காக்கை, நுகத்தடி அழுத்திய திமில் புண்ணைக் கண்டதும் உண்ணியை மறந்துவிடுகிறது. புண் ஆறும் வரை மாட்டைக் கூரைக்குள் கட்டுவதும், திமிலின் மேல் தளர்வாகத் துணி போட்டுக் கட்டுவதும்தான் வழி.

கடையில் கிடைக்காத காவல் ஒன்றும் இருக்கிறது. கொறங்காட்டு வெள்வேல மரத்தில் கரிச்சான் கூடு கட்டிவிட்டால், அந்த மரத்தைச் சுற்றிக் காக்கையும் பருந்தும் தாழப் பறக்க அது விடாது. தன்னைவிடப் பல மடங்கு பெரிய பறவையின் முதுகில் இறங்கிக் கொத்தி எல்லை கடத்திவிட்டுத் திரும்பும். வேளாண் துறையினர் புழுவைக் கட்டுப்படுத்துவதற்காக வயலில் நடச் சொல்லும் பறவை தாங்கிகளை நாங்கள் கோழி முற்றத்தின் ஓரத்திலும் நட்டிருக்கிறோம். குச்சியின் தலையில் குறுக்குக் கட்டை வைத்துக் கட்டும் வேலைதான். பகலில் பெரும்பாலும் கரிச்சான் ஒன்று அதில் இருக்கும். கூடு கட்டாத மாதங்களில் அதற்கு இந்த வேகம் இருப்பதில்லை. ஆனால் குஞ்சுக்கு ஆபத்தான பருவமும் அது கூடு கட்டும் பருவமும் எங்கள் பக்கம் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன.

புதிதாகத் தொடங்குபவர்கள் பணத்தை எங்கே போடலாம் என்று கேட்டால், வீட்டளவில் கோழி வளர்ப்பவர்களுக்கு இரண்டு பஞ்சாரமும், குட்டி ஈனும் பட்டியின் ஒரு பகுதிக்கு மட்டும் முடிச்சு வலையும் போதும் என்பேன். நாலு செண்டுத் தோட்டத்துக்கு நாற்றுப் பருவத்தில் நிழல்வலையும் விதைப்புப் பருவத்தில் ஒரு சுருள் ரிப்பனும் போதும். முடிச்சு வலையை ஆடிக் காற்றுக்கு முன் ஒருமுறை இறக்கி, நைந்த கண்ணிகளுக்கு முடிச்சுப் போட்டு மீண்டும் ஏற்றுவது வழக்கமாக வேண்டும். கிழிசல் கை அகலம் இருக்கும்போது அரை மணி நேர வேலை, விட்டுவிட்டால் புதிய வலைதான்.

வலை விற்பவர்களிடம் ஒரு கோரிக்கை உண்டு. பறவை வலை என்று ஒரு சீட்டைத் தைத்து அனுப்புவதோடு நிற்காமல், கண்ணியின் அளவு, நூலின் தடிமன், சதுரமாக விரித்தால் எத்தனை அடிக்கு எத்தனை அடி மூடும் என்ற கணக்கு, வெயில் தாங்கும் வேதிப்பொருள் சேர்க்கப்பட்டதா இல்லையா ஆகிய நான்கையும் அந்தச் சீட்டிலேயே அச்சிட்டுத் தரலாம். உர மூட்டையிலும் விதைப் பொட்டலத்திலும் இதைவிட அதிக விவரம் இருக்கிறது. அதைத் தரும் வியாபாரி யாராவது இந்தப் பக்கம் இருந்தால், அடுத்த வலையை அவரிடம் வாங்கத் தயாராக இருக்கிறேன்.